அட்டையை யார் பார்த்தது?

போன மாதம் என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை பொறுப்புச் சிஸ்டராக இருந்த அதே பிரசவ வாட்டில், புதிதாகச் சேர்ந்த நர்ஸ்மாருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் பயிற்சி நாளாம். "சிஸ்டர் கட்டாயம் வந்து ஒங்க அனுபவத்தச் சொல்லணும்" என்று இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை போனில் கெஞ்சினாள். ஓய்வு பெற்றவளை எதற்குக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா. வரவேற்புரைக்கும் சாப்பாட்டுப் பார்சலுக்கும் இடையில் ஓர் ஓட்டை விழும். அதை அடைக்க ஓர் ஆள் வேண்டும். இருந்தாலும் நல்ல சேலையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கழுத்துப்பட்டி கட்டியிருந்தான், ஹட்டன் குளிருக்கு அது ஒன்றுதான் அவனிடம் இருந்த கம்பளி. கையிலிருந்த போனைப் பெரிய திரையில் காட்டி, நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கிடக்கும் தாய்மாரில் யாருக்கு அவசர ஆபரேஷன் வரும், யார் குறித்த நாள்வரை தாக்குப்பிடிப்பார்கள் என்று இது முன்கூட்டியே சொல்லிவிடும் என்றான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கும் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் மேலே ஒட்டியிருக்க வேண்டும். சிலருக்கு அது கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரவேண்டிய வாசலை மூடிக்கொண்டு படுத்துவிடும். மாதம் ஏற ஏற அந்த வாய் விரியும். விரியும்போது கொடி பிய்ந்து ரத்தம் கொட்டும். வலி இருக்காது. வலி இல்லாததுதான் அதன் குரூரம். யாரை வாட்டிலேயே வைத்துக்கொள்வது, யாரை வீட்டுக்கு விடுவது என்பதில்தான் ஓர் உயிர், சில நேரம் இரண்டு உயிர், தொங்கிக்கொண்டிருக்கும்.

தம்பி கேள்விகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினான். முன்பு சிசேரியன் நடந்ததா. கொடி வாயை முழுதாக மூடியிருக்கிறதா. அடுத்து, ரத்தப்போக்கு ஏற்பட்டதா, ஆம் அல்லது இல்லை. அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்ததை வைத்துக் கூட்டிக் கழித்துச் சொல்கிறது, பாவம். ஆனால் அதற்குக் கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். கேட்கிறவர்களையும் தெரியும், பதில் சொல்கிறவர்களையும் தெரியும். நானே தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள்தான்.

நான் நர்ஸ் ஆன கதையை நீட்ட விரும்பவில்லை. நோர்வூட் பக்கத்துத் தோட்டம், அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார், நான் படித்தேன். பயிற்சியில் சிங்களத்தில் திட்டு வாங்கி, தமிழில் அழுது, இங்கிலீஷில் பரீட்சை எழுதினேன். படுக்கை விரிப்பில் மடிப்பு விழக்கூடாது என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். படுக்கையில் கிடக்கிறவளிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான் பயிற்சி.

வேலைக்கு வந்த பிறகுதான் இந்த ஊரில் எத்தனை தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. சாத்திரக்காரர் ஒருவர், வயிற்றைப் பார்க்காமலே ஜாதகத்தைப் பார்த்துப் பிரசவ நேரம் குறித்துக் கொடுப்பார். அவர் சொன்ன நேரம் வரும்வரை லேபர் ரூமுக்குள் போகமாட்டேன் என்று வராந்தா வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருத்தி வாங்கிலேயே பெற்றாள். படித்தவர்களாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்களா. ஐந்தாம் மாத ஸ்கேனைப் பார்த்து, "கொடி கீழ கெடக்கு, அசையவே கூடாது" என்று டவுனில் பிரைவேட்டாகப் பார்க்கும் ஒருவர் ஒரு டீச்சரைப் பயமுறுத்திவிட்டார். ஐந்தாம் மாதத்தில் கீழே கிடக்கும் கொடி பெரும்பாலும் கர்ப்பப்பை வளர வளரத் தானாக மேலே ஏறிவிடும். இது முதல் வருடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த டீச்சர் மாதக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்து, உடம்பு ஊதி, கடைசியில் எல்லோரையும்போலச் சாதாரணமாகப் பெற்றாள். பிரைவேட்காரர், தான் காப்பாற்றியதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நல்லா இருக்கே கதை.

இந்தத் தீர்க்கதரிசிகள் கூட்டத்தில் வாயைத் திறந்து ஆரூடம் சொல்லாத ஒரே மனிதரின் கீழ் நான் கடைசிப் பத்து வருடம் வேலை செய்தேன். எங்கள் பெரிய டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒன்றும் மகான் இல்லை. சப்பாத்தில் தூசி பட்டால் முகம் சுண்டிவிடும். தேநீர் ஆறியிருந்தால் அட்டெண்டன் அன்றைக்குத் தொலைந்தான். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், நன்றி சொல்லுவார். "மெத்த நன்றி, சிஸ்டர்" என்று அவர் சொன்னால் நான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்த நன்றியைக் கேட்டு அழாத நர்ஸ் எங்கள் வாட்டில் இல்லை.

ஆனால் அவர் ரவுண்ட் வருவது ஒரு தனி முறை. மற்ற டொக்டர்மார் கட்டில் காலடியில் நின்றபடி காகிதத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாயின் பக்கத்தில் உட்காருவார். கண் இமையை இழுத்துப் பார்ப்பார். "காலைக் காட்டும் பிள்ளை" என்று போர்வையை விலக்கச் சொல்லி, வீக்கம் இருக்கிறதா என்று பாதத்தை விரலால் அழுத்துவார். பிறகு, நேற்று காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன செய்தாய் என்று கேட்பார். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வி அவர் வாயில் வராது. ஒரு நாள் நான், "நேரத்த மிச்சம் பிடிக்கலாமே டொக்டர்" என்றேன். "ஓமோ இல்லையோ எண்டு கேட்டால், ஓம் எண்டோ இல்லை எண்டோதான் வரும் சிஸ்டர். விசயம் வராது" என்றார்.

கொடி கீழே கிடக்கும் தாய் வாட்டுக்கு வந்தால் அவருக்கென்று சில சட்டங்கள். கட்டில் தலைமாட்டில் சிவப்பு ரிப்பன் கட்டவேண்டும். ரிப்பன் கட்டியவளை யாரும், அவரே ஆனாலும், உள்ளே விரல் வைத்துச் சோதிக்கக் கூடாது. கொடி வாசலில் இருக்கும்போது விரலை வைத்தால் நாமே அதைப் பிய்த்துவிட்டதாகும். அப்படி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவசரக்குடுக்கை ஒருவர் விரல் வைத்துப் பார்த்து, லொறியில் எங்களிடம் அனுப்பிய ஒரு பெண்ணை நான் இறக்கி எடுத்திருக்கிறேன். லொறித் தட்டைக் கழுவத் தண்ணீர் கேட்டு டிரைவர் நின்றான். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு ரிப்பன் கட்டியவளுக்கு இரண்டு கையிலும் தடித்த ஊசி போட்டு வைப்பதும், அவளுக்குப் பொருந்தும் ரத்தத்தை வங்கியில் ஒதுக்கி வைப்பதும், அவளைத் தனியாகக் குளியலறைக்கு விடாததும் எனக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

பெரிய டொக்டரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதை அதில்தான் நிற்கிறது. மனுஷனுக்கு ரத்தம் குடிக்கிற அட்டை என்றால் உயிர் போய்விடும். மாற்றலாகி வந்த புதிதில் யாரோ வட்டவளைப் பக்கம் நீர்வீழ்ச்சி காட்டுகிறேன் என்று மழையில் கூட்டிப்போயிருக்கிறார்கள். வட்டவளையில் மழைக்கும் பஞ்சமில்லை, அட்டைக்கும் பஞ்சமில்லை. முழங்கால்வரை ஏற்றிக்கொண்டு வந்து காலுறையைக் கழற்றிப் பார்த்து மயங்கி விழுந்தாராம். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் குவார்ட்டர்ஸிலிருந்து வாட்டுக்கு வரும் நாலு எட்டு நடைக்குக்கூட, அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டுதான் வருவார். "சார் வாறாரு, சோப்பு மணக்குது" என்று அட்டெண்டன்மார் சிரிப்பார்கள். எந்த மாதம் புல்லில் கால் வைக்கலாம், எந்த மாதம் வைக்கக்கூடாது என்று அந்த மனுஷனுக்கு அத்துப்படி. தோட்டத்தில் பிறந்த நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

ஜெயந்திமாலா வந்தது மாசி மாதத்தில். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். எட்டாம் மாதம். மூத்தது சிசேரியனில் பிறந்த பெண் பிள்ளை. இந்த முறை கொடி இறங்கி வாயை முழுதாக மூடியிருப்பதாக ஸ்கேன் சொன்னது. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. கூட வந்தது மாமியார் பாக்கியம். உள்ளே வரும்போதே, "எப்ப மிஸ்ஸி விடுவீங்க" என்று கேட்டுக்கொண்டு வந்தவர். தோட்டத்தில் நர்ஸ்மார் எல்லோரும் மிஸ்ஸிதான். அந்த வாரக் கடைசியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை தேர். அதற்குத்தான் மகனும் கொழும்பிலிருந்து வருகிறான். மருமகள் நல்லபடியாகப் பெற வேண்டும் என்று அந்த அம்மாள் வேண்டுதல் வைத்திருந்தார். தேர் லயத்து வாசலுக்கு வரும்போது மருமகள் கையால் தேங்காய் உடைக்க வேண்டுமாம்.

வாட்டு நிறைந்து வழிந்தது. கட்டிலுக்கு இரண்டு பேர், தரையில் பாய் போட்டுச் சிலர். எங்கள் சின்ன டொக்டர், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பையன், தானாகவே தமிழ் கற்றுக்கொண்டவன், நல்லவன், ஜெயந்தியிடம் கேட்டான்.

"அக்கா, ரத்தம் போனதா?"

"இல்லங்க சார்."

"வயிறு வலி?"

"இல்லங்க."

கர்ப்பப்பையின் கழுத்தும் நீளமாகத்தான் இருந்தது, வாய் விரியத் தொடங்கவில்லை. இவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் வராது, வீட்டுக்குப் போய் அடுத்த வாரம் வரட்டும், படுக்கை ஒன்று மிஞ்சும் என்று முடிவு செய்தான். அந்தப் போன் அன்றைக்கு இருந்திருந்தால் அதுவும் அதையேதான் சொல்லியிருக்கும். பாக்கியம் பையைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

அப்போதுதான் பெரிய டொக்டர் ரவுண்ட் வந்தார். ஸ்டூலை இழுத்தார். இமையைப் பார்த்தார். காலைக் காட்டச் சொன்னார். கணுக்காலுக்கு மேலே வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஏதோ காய்ந்திருந்தது.

"இதென்ன பிள்ளை?"

"சுண்ணாம்புங்க ஐயா. முந்தா நாளு வெறகு எடுத்துக்கிட்டு வரயில அட்ட கடிச்சிருச்சி. ரத்தம் நிக்கல. அத்ததான் சோப்பு போட்டுக் கழுவி சுண்ணாம்பு தடவுனாங்க."

அட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் மனுஷன் தன் இரண்டு காலையும் ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் நின்ற பிள்ளையும் உதட்டைக் கடித்துக்கொண்டோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆஸ்பத்திரி முற்றத்துப் புல் பழுப்பாகக் கருகிக் கிடந்தது.

"மழை எப்ப பெஞ்சது சிஸ்டர்?"

"பொங்கலுக்குப் பொறகு ஒரு துளி இல்ல டொக்டர்."

"அப்ப இந்த அட்டை எங்கையிருந்து வந்தது?"

அவர் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் அட்டையைக் கண்டனீங்களோ?"

பாக்கியம் அவரை ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அட்டய யாருங்க பாக்குறா? ரத்தத்தத்தான் பாப்போம். அது குடிச்சிட்டு எங்கயாச்சும் விழுந்து போயிருக்கும்."

"கடிச்ச இடத்தைக் காட்டும் பிள்ளை."

ஜெயந்தி குனிந்து தேடினாள். மாமியாரும் தேடினார். அட்டை கடித்த வாய் சுலபத்தில் மறையாது, நாள் கணக்கில் அரிக்கும். அவள் காலில் அப்படி ஒன்றுமே இல்லை. "கடிவாய் தெரியலங்க ஐயா. ரத்தம் வழிஞ்ச எடத்துல குத்துமதிப்பா தடவுனாங்க" என்றாள்.

"இதுக்கு முந்தி எப்ப கடிச்சது?"

"போன மாசமும் ஒருக்கா கடிச்சிச்சிங்க."

"அப்பவும் அட்டையைக் காணேல்லை."

"காணலங்க."

அவர் எழுந்து போர்வையை இழுத்து அவள் காலை மூடினார். சின்ன டொக்டரைப் பார்த்து, "மெத்த நன்றி, டொக்டர்" என்றார். அந்தப் பையனின் முகம் கறுத்துவிட்டது. அவனைக் குறை சொல்லி என்ன. அந்த ரத்தம் காலிலிருந்து வந்ததல்ல, கர்ப்பப்பையிலிருந்து காலில் வழிந்தது என்பது அங்கே நின்ற மலைநாட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தோன்றவில்லை. காலில் ரத்தம் என்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி வருகிறவளின் கணுக்காலைப் பாருங்கள், கோடு கோடாக ஓடும். அவள் அதைத் துடைப்பதுகூட இல்லை. எங்கள் ஊர்க் கணக்கு ரொம்ப எளிது: வலித்தால் ஆஸ்பத்திரி, வலிக்காமல் ரத்தம் வந்தால் அட்டை. கர்ப்பிணிகளுக்கு அபாய அறிகுறிகள் என்று கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்களே, அதில் வெள்ளை மெத்தையில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படுத்திருப்பாள். விறகுக் கட்டோடு இறங்கி வருகிறவளை எவனாவது வரைந்தானா. அந்தப் படத்தைப் பார்த்து ஜெயந்தி தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எப்படி நினைப்பாள்.

ரிப்பன் கட்டினேன். இரண்டு கையிலும் ஊசி போட்டேன். பிள்ளையின் நுரையீரலுக்கான ஊசியும் போட்டோம். ரத்தம் கேட்டு வங்கிக்கு ஆள் அனுப்பினால், வங்கிக்காரர் தானே வாட்டுக்கு வந்துவிட்டார். "போகாத ரத்தத்துக்கு எதுக்கு சிஸ்டர் இவ்வளவு பை? ஒங்க டொக்டருக்கு அட்டன்னா பயம். அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றார். ஒதுக்கி வைத்தால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, அவர் கஷ்டம் அவருக்கு. நான் அவரைப் பெரிய டொக்டரின் அறைக்குக் கூட்டிப்போய் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். வெளியே வரும்போது மனுஷனுக்கு எத்தனை நன்றி கிடைத்ததோ, ரத்தம் வந்து சேர்ந்தது.

"இன்னும் ஏழெட்டு நாளுக்கு மேல இழுக்கும் எண்டு நினைக்கிறன். திங்கள் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவம். பழைய தையல்ல கொடி ஒட்டியிருந்தால் அங்கதான் நல்லது" என்றார் பெரிய டொக்டர். ஆரூடமே சொல்லாத வாய் அன்றைக்குச் சொன்னது.

சனிக்கிழமை பாக்கியம் வந்தார். கையில் புதுச் சேலை, ஒரு பொட்டலம் கண்ணாடி வளையல். வாசலில் ஆட்டோ நிற்கிறதாம்.

"கையெழுத்து போட்டுக் குடுத்தா விடுவீங்கதானே மிஸ்ஸி? அவ புருஷன் சரின்னுட்டான். போன்ல பேசுங்க."

"அவரு ஏன் போன்ல பேசணும்? தோட்டத்துக்கு வந்தவருக்கு ஆஸ்பத்திரிக்கு வர வழி தெரியலயா?"

"அவன் தேருக்கு வேல செய்யிறான். ஒரு நாளு, தேங்கா ஒடச்சதும் கொண்டாந்து விட்டுர்றோம். ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தா பாத்துக்குவா. தேரு பாதைய மறிச்சி நிக்கிறப்ப, இவள எந்த வழியா கொண்டாருவீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா அச்சானியமா பேசாதீங்க. ரத்தம் கித்தம்னு அந்த டொக்டருதான் சொல்றாரு. அட்ட கடிக்கும் கர்ப்பத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. ஆனால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஜெயந்தி சொன்னால் என்னால் கட்டிப்போட முடியாது. அதுவும் சட்டம்தான். அவள் ரிப்பனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். அதிகம் பேசாத பிள்ளை.

"நான் வரல அத்த."

"என்னடி சொல்ற?"

"மூத்தவளுக்குத் தாய் வேணும். நீங்க ஒடச்சிருங்க தேங்காய."

பாக்கியம் வளையல் பொட்டலத்தைக் கட்டிலில் வீசிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும். நான் அதைப் பார்க்காததுபோல் ஊசி பொருத்திய கையைச் சரிபார்த்தேன். மனசுக்குள் ஜெயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன், வெளியில் காட்டவில்லை. இப்போது நினைத்தால், காட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைத் தேநீர் கொடுத்து முடிந்தது. அந்நேரம் அங்கே தேர் புறப்பட்டிருக்கும். ஜெயந்தி கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "மிஸ்ஸி, ஈரமா இருக்கு" என்றாள், சாதாரணமாக. பக்கத்துக் கட்டில்காரி தண்ணீர் கொட்டிவிட்டாள் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். நான் போர்வையைத் தூக்கினேன். மெத்தை நனைந்து, கட்டில் சட்டத்தில் வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. வலி இல்லை. அவள் முகத்தில் பயம்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் வீரம் ஒன்றும் இல்லை. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்தோம், அவ்வளவுதான். தள்ளுவண்டி தியேட்டருக்கு ஓடும்போதே ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. சின்ன டொக்டர் பையைக் கையால் பிழிந்துகொண்டே ஓடினான். பெரிய டொக்டர் செருப்போடு வந்துவிட்டார், சப்பாத்துக்கூட இல்லை. பிள்ளையை எடுத்தார், பெண். சத்தம் வர நேரமானது, ஆனால் வந்தது. கொடி பழைய தையலில் வேர்விட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கப் பிரிக்க ரத்தம். ஒதுக்கி வைத்த பைகள் தீர்ந்து, போகாத ரத்தத்துக்கு எதற்கு என்று கேட்ட அதே வங்கிக்காரர் மூச்சிரைக்க இன்னும் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் கர்ப்பப்பையை எடுத்தால்தான் ரத்தம் நிற்கும் என்றாகி, எடுத்தார். நின்றது.

தியேட்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்காதே. "திங்கட்கெழம கண்டின்னீங்களே டொக்டர். நீங்களும் சாத்திரம் பாத்துட்டீங்க" என்றேன்.

"ஓம். பிழையாப் போச்சு" என்றார். தண்ணீரை மூடினார். "அதுக்குத்தானே ரத்தம் எடுத்து வைச்சனான்."

என் வேலைக் காலத்தில் நான் கேட்டதிலேயே புத்தியுள்ள வார்த்தை அதுதான். எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்தவன் தேவையே இல்லை. வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன் போதும்.

பின்னேரம் பாக்கியமும் மகனும் வந்தார்கள். இருவர் நெற்றியிலும் கோயில் குங்குமம். மருமகள் உயிரோடு இருக்கிறாள், பிள்ளை குறைமாதம் என்றாலும் தேறிவிடும், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது என்று பெரிய டொக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மகன் சுவரில் சாய்ந்து அழுதான். அழட்டும் என்று விட்டேன். பாக்கியம் அழவில்லை.

"நேத்தே விட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றார். "வேண்டுதல முடிக்க விடாம மறிச்சீங்க. ஆத்தா கோவம் வயித்துல எறங்கிருச்சி. இப்ப ரெண்டும் பொண்ணு, இனி ஒண்ணுக்கும் வழியில்ல."

காப்பாற்றியதற்கு நன்றி எதிர்பார்க்கிற வயது எனக்கு எப்போதோ போய்விட்டது, ஆனால் குற்றப் பத்திரிகையை எதிர்பார்க்கவில்லை. பெரிய டொக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மெத்த நன்றி, அம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை இழுத்துக்கொண்டு போனார்.

இதைத்தான் அந்தப் பயிற்சி நாளில் சொன்னேன். சொல்லிவிட்டு, கொழும்புத் தம்பியிடம் கேட்டேன்: "ஒங்க போன்ல, ரத்தம் போனதாங்கிற கேள்விக்குப் பதிலா, அட்டையப் பாத்தீங்களான்னு ஒரு கேள்வி போட முடியுமா?" அவன் மரியாதையான பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டான். "அது கஷ்டம் மேடம். நாடு முழுக்க ஒரே கேள்விதான் இருக்கணும்" என்றான். நாடு முழுக்க ஒரே கேள்வியாம். வறண்ட மன்னாரில் அட்டை இல்லை என்பதற்காக நோர்வூட்டுக்காரி சாகவேண்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. கோழி வாசம் வந்த பிறகு அனுபவத்தை யார் கேட்பார்கள். மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜெயந்தி பெற்ற அதே வருடம், பிறகு மழை பிடித்துக் கொட்டியது. தேயிலை மலையெல்லாம் அட்டை. பெரிய டொக்டர் சவர்க்காரம் மணக்க மணக்க நடமாடிய நாட்கள். ஒரு காலையில் வாட்டு வாசலில் நனைந்த குடையோடு பாக்கியம் நின்றார். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், வயிறும் கையுமாக. எனக்கு வளையல் பொட்டலம் ஞாபகம் வந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று இடுப்பில் கையை வைத்தேன்.

"ஜெயந்தி எப்படி இருக்கா?" என்றேன், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"இருக்கா. சின்னது நல்லா கொழுத்துருச்சி." என் முகத்தைப் பார்க்காமல் குடையை உதறினார். "இது எங்க லயத்துப் புள்ள, கடைசிக் காம்பரா. காலுல ரத்தம் வழிஞ்சிருக்கு. அட்ட கடின்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க."

"மழைதானே. அட்ட இருக்கும்தானே" என்றேன், வேண்டுமென்றே.

"இருக்கு மிஸ்ஸி. மலையெல்லாம் இருக்கு. இவ காலுல இல்ல. நானே பாவாடயத் தூக்கித் தொட வரைக்கும் பாத்தேன். கடிவாய் ஒண்ணுகூட இல்ல." பிறகு குரலை உயர்த்தி, "அன்னைக்கு நடந்தது ஆத்தா குத்தந்தான். அத நான் இன்னைக்கும் சொல்லுவேன். இது வேற" என்றார்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கட்டில் ஒன்றும் காலியாக இல்லை. சிவப்பு ரிப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரைக் கட்டிலை விட்டு எழுப்பலாம் என்று வாட்டைச் சுற்றிப் பார்த்தேன்.